அடுத்த மனையில் இருபது மாடி எழப்போகிறதென்றால்: சென்னைத் தெருவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

தெருக்கோடியில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த பங்களாவின் வளாகத்துக்குள் ஒருநாள் மூன்று இரும்புக் கால்களை நட்டு, நடுவே ஒரு எடையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். போர்வெல் போடுகிறார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அது பெரும்பாலும் மண் பரிசோதனையாக இருக்கும். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை அறிய மண்ணின் தாங்குதிறனைச் சோதிக்கும் அந்த வேலை, திட்ட அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பாகவோ அதை ஒட்டியோ நடப்பது. அந்த முக்காலியைப் பார்த்த நாளே தெருவாசிகள் கூடிப் பேச வேண்டிய நாள். தகரத் தடுப்பு எழுந்து, விளம்பரப் பலகை நின்று, பள்ளம் தோண்டிய பிறகு கூடும் கூட்டத்தில் கோபம் நிறைய இருக்கும். செய்யக்கூடியது குறைவாகவே இருக்கும்.

தொடங்குவதற்கு முன் ஒரு கசப்பான உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு மனையில் எத்தனை மாடி கட்டலாம் என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்கும்படி நம் சட்டம் சொல்லவில்லை. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ, திட்ட அனுமதி கோரும் விண்ணப்பத்துக்காகப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவதில்லை. மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் கட்டடத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. நகரின் முழுமைத் திட்டத்தை, அதாவது மாஸ்டர் பிளானைத் தயாரிக்கும்போதும், ஒரு மனையின் நிலப் பயன்பாட்டை மாற்றும்போதும் மட்டுமே மக்களிடம் முறைப்படி ஆட்சேபணை கேட்கப்படுகிறது. ஆகவே “எங்களைக் கேட்காமல் எப்படி அனுமதி கொடுத்தீர்கள்” என்ற கேள்வி, தார்மீகமாக எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அலுவலகத்தில் எடுபடாது. “உங்கள் விதியின்படி இந்த இடத்தில் இவ்வளவு மீட்டர் இருக்க வேண்டும், ஆனால் இவ்வளவுதான் இருக்கிறது” என்ற கேள்வி எடுபடும். உயரத்தை எதிர்த்துப் பேசும் தெரு தோற்பதையும், அளவுகளை வைத்துப் பேசும் தெரு சில நேரங்களிலாவது வெல்வதையும் தொடர்ந்து பார்த்துவருகிறேன். இந்த வழிகாட்டி அளவுகளைப் பற்றியது.

தெருவின் அகலம்

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டருக்கு மேல், அதாவது 60 அடிக்கு மேல் உயரும் கட்டடம் உயரமான கட்டடமாகக் கருதப்படும். மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதைச் சொல்லும் எண்தான் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எல்லோரும் சொல்லும் எஃப்எஸ்ஐ. அதற்குக் குறைந்த உயரமுள்ளவற்றுக்கு அது 2. உயரமான கட்டடத்துக்கு, சாலை 18 மீட்டரோ அதற்கு மேலோ அகலமாக இருந்தால், 3.25 வரை கிடைக்கும். சாலை அதைவிடக் குறுகலாக இருந்தால் குறியீடும் குறையும். 12 மீட்டருக்கும் குறைந்த சாலையை ஒட்டிய மனையில் உயரமான கட்டடத்துக்கே இடமில்லை. இவற்றுக்கு மேல், அரசுக்குக் கட்டணம் செலுத்திப் பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம். 18 மீட்டருக்கு மேற்பட்ட சாலைகளில் அது கூடுதலாக 50 சதவீதம் வரை போகும். இவ்விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால், மனு எழுதும் நாளில் நடப்பிலுள்ள வடிவத்தைச் சிஎம்டிஏ இணையதளத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

இந்த எண்களின் பொருள் விளங்க ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 30 கிரவுண்டு மனை என்பது 72,000 சதுர அடி. குறியீடு 2 என்றால் அங்கே 1,44,000 சதுர அடி கட்டலாம். 3.25 என்றால் 2,34,000. பிரீமியத்தையும் முழுமையாக வாங்கினால் 3,51,000. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையிலுள்ள இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சதுர அடியைத் தீர்மானிப்பதில் தெருவின் அகலத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அதனால்தான் முதல் வேலையாக அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கச் சொல்கிறேன்.

ஊரார் வாயில் “அறுபதடி ரோடு” என்று வழங்கும் சாலை அறுபதடி இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு பக்கத்துச் சொத்து எல்லையிலிருந்து எதிர்ப்பக்கத்துச் சொத்து எல்லைவரை, நடைபாதையையும் மழைநீர் வடிகாலையும் சேர்த்து அளக்க வேண்டும். மனைக்கு முன்னால் மட்டும் அளந்தால் போதாது. தேவையான அகலம் பொதுவாக 500 மீட்டர் நீளத்துக்கு இருக்க வேண்டும் என்று விதி எதிர்பார்ப்பதால், அருகிலுள்ள சந்திப்புவரை சுமார் 50 மீட்டருக்கு ஒருமுறை அளந்து, ஒவ்வோர் இடத்தையும் கதவு எண்ணோடு குறித்து, நாடா தெரியும்படி புகைப்படம் எடுத்து வைக்க வேண்டும். நாடாவின் இரு முனைகளையும் பிடிக்க இருவர், எழுத ஒருவர், படமெடுக்க ஒருவர் என்று நான்கு பேர் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் முடிந்துவிடும். பிறகு மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் சாலைப் பதிவேட்டில் அந்தத் தெருவின் அகலம் என்னவென்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்க வேண்டும். பதிவேட்டு எண்ணும் உங்கள் எண்ணும் வேறுபட்டால், மனுவின் முதல் பத்தி கிடைத்துவிட்டது என்று பொருள்.

சுற்றிலும் விடவேண்டிய இடம்

செட்பேக் என்று வழங்கும் காலியிடத்தைப் பலரும் காற்றுக்கும் வெளிச்சத்துக்குமான இடமாக மட்டுமே நினைக்கிறார்கள். உயரமான கட்டடத்தில் அது தீயணைப்பு வண்டி சுற்றிவருவதற்கான பாதையும்கூட. 30 மீட்டர் உயரம்வரை நான்கு பக்கமும் 7 மீட்டர் விட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டர் உயரத்துக்கும் 1 மீட்டர் கூட வேண்டும். 60 மீட்டர் உயரக் கட்டடம் என்றால் 12 மீட்டர் என்று கணக்கு வரும். வரைபடத்தில் இந்த இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கட்டி முடிக்கும் தறுவாயில்தான் அங்கே டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், காவலாளி அறை, கார் நிறுத்தக் கூரை என்று ஒவ்வொன்றாக முளைக்கும். ஆகவே வரைபடத்தின் நகலை வாங்கி வைத்துவிட்டு, கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் தெருவில் இருந்தால் அவரை விடாதீர்கள்.

இடைவெளியின் மதிப்பை இந்தியாவுக்கே உணர்த்திய வழக்கு நொய்டாவில் நடந்தது. எமரால்டு கோர்ட் என்ற குடியிருப்பில் ஏற்கெனவே வசித்துவந்தவர்களின் நலச் சங்கம், தங்கள் வளாகத்துக்குள்ளேயே எழுந்துகொண்டிருந்த இரு கோபுரங்களை எதிர்த்து 2012இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வரைபடத்தின் நகல் கேட்டபோது நொய்டா ஆணையம் கட்டுமான நிறுவனத்தின் சம்மதத்தைக் கேட்டதும், நிறுவனம் மறுத்ததும் அந்த வழக்கின் பதிவுகளில் இருக்கின்றன. 16 மீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 9 மீட்டராக இருந்தது என்பது முக்கியமான வாதங்களில் ஒன்று. 2014 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2022 ஆகஸ்ட் 28 அன்று ஏறக்குறைய 100 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பத்தாண்டு உழைப்பு என்பதையும், அந்தச் சங்கத்தின் கையில் ஓர் அளவு இருந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

காகிதங்களைத் திரட்டுதல்

தமிழ்நாட்டில் தகவல் அறியும் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ குறையாக வந்தாலோ அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கேள்வியைக் கேட்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். “இந்தக் கட்டடத்துக்கு ஏன் அனுமதி கொடுத்தீர்கள்” என்பது தகவல் கோரிக்கை ஆகாது. நில அளவை எண்ணையும் கதவு எண்ணையும் குறிப்பிட்டு, “இம்மனைக்கு அளிக்கப்பட்ட திட்ட அனுமதி ஆணையின் நகல், ஒப்புதல் பெற்ற வரைபடங்களின் நகல், சாலை அகலம் குறித்த கள ஆய்வு அறிக்கையின் நகல், தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல் துறை, குடிநீர் வாரியம், நீர்வளத் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகளின் நகல், திறந்தவெளி ஒதுக்கீடு தொடர்பான கோப்புக் குறிப்புகளின் நகல்” என்று ஆவணம் ஆவணமாகக் கேட்க வேண்டும். வணிக ரகசியம், மூன்றாம் நபர் தகவல் என்று மறுப்பு வந்தால் மேல்முறையீட்டில் மேற்சொன்ன நொய்டா தீர்ப்பைக் காட்டுங்கள். ஒரே மனுவில் எல்லாவற்றையும் திணிக்காமல், ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக, வெவ்வேறு நபர்களின் பெயரில் அனுப்புவது நல்லது. ஒருவர் சலித்துப்போனாலும் மற்றவரின் மனு ஓடிக்கொண்டிருக்கும்.

மனு போடாமலே கிடைப்பவையும் உண்டு. தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் வீடுகளை விளம்பரப்படுத்தவோ விற்கவோ முடியாது என்பதால், விளம்பரத்திலுள்ள பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் இட்டால் திட்டத்தின் அடிப்படை விவரங்கள் தெரியும். கட்டப்படும் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டுவிட்டால் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். அதற்கான விண்ணப்பம், நீர்த் தேவைக் கணக்கு, கழிவுநீர்க் கணக்கு, மாநில நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்புகள் எல்லாம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். நம் 30 கிரவுண்டு மனையில் பிரீமியம் இல்லாமலே 21,700 சதுர மீட்டருக்கு மேல் வருகிறது. சுற்றுச்சூழல் கணக்கில் கார் நிறுத்தும் அடித்தளமும் சேரும் என்பதால், 19,900 சதுர மீட்டர் என்று எங்காவது கண்ணில் பட்டால் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரே மனையை “முதல் கட்டம், இரண்டாம் கட்டம்” என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

மனையின் நிலவகைப்பாட்டை வருவாய்த் துறையின் இணையப் பதிவுகளிலும் முழுமைத் திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்திலும் சரிபார்ப்பது இன்னொரு வேலை. வாய்க்கால், தாங்கல், கழிவெளி என்று நீர்நிலையைக் குறிக்கும் சொல் ஏதாவது பழைய பதிவேட்டில் இருந்தால் அது பெரிய விஷயம். தென்சென்னையில் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்நிலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்திவைக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025இல் உத்தரவிட்டதற்கு அடிப்படை, எல்லைக் கோடு எங்கே போகிறது என்ற வரைபடக் கேள்விதான்.

தண்ணீர், சாக்கடை, டிசம்பர்

விதிமீறல் எதுவும் இல்லாத கட்டடமும் தெருவைத் திணறடிக்கலாம். அப்போது பேச வேண்டியது கொள்ளளவைப் பற்றி. 3,51,000 சதுர அடியில் ஏறத்தாழ 280 வீடுகள் வரும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 4 பேர், தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான திட்ட அளவின்படி 1,51,200 லிட்டர் தண்ணீர் வேண்டும். குழாயில் வராத நாளில் அது 12,000 லிட்டர் லாரிகள் 13. ஒவ்வொரு லாரியும் உள்ளே வந்து வெளியே போக வேண்டும். இதில் எண்பது சதவீதம் கழிவுநீராகத் திரும்பும். உங்கள் தெருவின் கழிவுநீர்க் குழாய் எத்தனை அங்குல விட்டம், எந்த ஆண்டு பதிக்கப்பட்டது, எந்த உந்து நிலையத்துக்குப் போகிறது, அந்த நிலையத்தின் திறன் என்ன என்று குடிநீர் வாரியத்திடம் கேட்டு வாங்கி, இந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்து மனு எழுதுங்கள். “எங்கள் அமைதி கெடும்” என்ற வரியை எளிதாக ஒதுக்கிவிடும் பொறியாளர், தன் துறையின் எண்ணைத் தன் முன்னாலேயே கூட்டிக் காட்டும் மனுவை அப்படி ஒதுக்க மாட்டார்.

மழைநீர் இன்னும் நுட்பமானது. புதிய மனையைத் தெருவைவிட மூன்றடி உயர்த்தி மண் கொட்டினால், அதுவரை அங்கே தேங்கி மண்ணுக்குள் இறங்கிய நீர் எதிர்வீட்டுக்குள் போகும். 2015 டிசம்பரில் அல்லது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் நின்ற உயரம் பல வீட்டுச் சுவர்களில் இன்னமும் கறையாக இருக்கிறது. அவற்றை அளந்து, படமெடுத்து, தெரு வரைபடத்தில் குறியுங்கள். மனையின் தரைமட்டம், சாலையின் மட்டம், வடிகாலின் அடிமட்டம் மூன்றையும் ஒரு நில அளவையாளரைக் கொண்டு மட்டம் பார்த்து வைப்பதற்கு ஆகும் செலவு, தெருவில் வீட்டுக்கு இவ்வளவு என்று பகிர்ந்துகொண்டால் பெரிதாக இருக்காது.

பள்ளம் தோண்டும் முன்

இந்த ஒரு பகுதியை மட்டும் படித்தாலும் போதும் என்று சொல்லத் தோன்றுகிறது. மாடிகளின் எண்ணிக்கையால் ஏற்படும் தொல்லை பிறகு வருவது; அடித்தளப் பள்ளத்தால் வரும் ஆபத்து உடனடியானது. 2023 டிசம்பர் 4 அன்று வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானத்துக்காகத் தோண்டியிருந்த சுமார் 50 அடிப் பள்ளத்தின் விளிம்பு புயல் மழையில் சரிந்து இருவர் உயிரிழந்தார்கள். அதற்கு முன், 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மனுவில் இவற்றைக் குறிப்பிடுவது அச்சமூட்டுவதற்காக அல்ல. மண் சோதனை அறிக்கையையும் பள்ளத்தின் பக்கங்களைத் தாங்கும் சுவரின் வடிவமைப்பையும் கேட்பதற்கான காரணமாக.

தோண்டும் வேலை தொடங்குவதற்கு முன்பே, மனையை ஒட்டிய ஒவ்வொரு வீட்டையும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்து, ஏற்கெனவே உள்ள விரிசல்களைக்கூட மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும். பழைய விரிசலை மறைப்பவர்களின் புதிய விரிசலை யாரும் நம்ப மாட்டார்கள். விரிசலின் மேல் குறுக்காக மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதியை எழுதி வைப்பது பழைய கொத்தனார்களின் வழி. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். கிணறு அல்லது ஆழ்துளையின் நீர்மட்டத்தையும் வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். பள்ளத்திலிருந்து இரவு பகலாக நீரை இறைத்தால் அக்கம்பக்கத்து நீர்மட்டம் இறங்கும். சில வகை மண்ணில் அதோடு தரையும் இறங்கும். ஆய்வறிக்கையின் ஒரு பிரதியைக் கட்டுமான நிறுவனத்துக்கும் ஒரு பிரதியைச் சிஎம்டிஏவுக்கும் ஒப்புகை அட்டையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டால், பின்னாளில் இழப்பீடு கேட்கும்போது “இது முன்பே இருந்த விரிசல்” என்ற வாதத்துக்கு இடம் இருக்காது. பெரும்பாலான நிறுவனங்கள் இத்தகைய ஆய்வைத் தாங்களே செய்துதர ஒப்புக்கொள்ளும். ஆய்வாளரை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சங்கமும் பேச்சும்

ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் நலச் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவு பெற்ற சங்கத்தின் கடிதத்துக்கும் தனிநபர் கடிதத்துக்கும் அலுவலகங்களில் கிடைக்கும் மரியாதை வேறு. நிறுவனத்தின் ஆட்கள் தனித்தனி வீடாக வந்து பேசிப் பிரிப்பதையும் அது ஓரளவு தடுக்கும். மனையை ஒட்டிய நான்கு வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்துத் தருவதாகவும், தெருவுக்குக் கேமரா வைத்துத் தருவதாகவும் சொல்லும் நாள் கட்டாயம் வரும். எதை ஏற்பது, எதை மறுப்பது என்று அதற்கு முன்பே எழுத்தில் தீர்மானம் போட்டு வைத்திருங்கள்.

கூட்டங்களில் ஒரு பேச்சை முளையிலேயே நிறுத்த வேண்டும். “யார் யாரோ வந்துவிடுவார்கள்”, “நம்மைப் போன்றவர்கள் இருக்கும் இடம்” என்று யாராவது தொடங்குவார்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்பு வருகிறது என்றால் அந்தக் குரல் இன்னும் சத்தமாக ஒலிக்கும். அது வெட்கக்கேடு என்பது ஒருபுறமிருக்க, மனுவில் அதன் நிழல் விழுந்தால்கூட உங்கள் அளவுகள் எல்லாம் சாக்குப்போக்காகத் தோன்றிவிடும். வீடு தேடி வருகிறவர்கள் உங்கள் எதிர்த்தரப்பு அல்ல. இந்த நகரத்துக்கு வீடுகள் வேண்டும். நாமும் ஒரு காலத்தில் யாருடைய வயலிலோ தோப்பிலோ மனை வாங்கிக் குடியேறியவர்கள்தாம்.

பேச்சுவார்த்தையில் மாடியைக் குறைக்கச் சொல்லி மட்டும் நிற்காமல் இரண்டாம் பட்டியல் ஒன்று வைத்திருங்கள். வாகன வாயில் குறுகிய தெருவை விட்டுப் பெரிய சாலைப் பக்கம் மாறுவது, கான்கிரீட் லாரிகள் பள்ளி நேரத்தில் வராமலிருப்பது, இரவு பத்து மணிக்கு மேல் வேலை நடக்காமலிருப்பது ஆகியவை எல்லாம் கேட்டுப் பெறக்கூடியவை. குடியிருப்புப் பகுதிக்கு ஒலி மாசு விதிகள் அனுமதிக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. பேசி முடிவானதை ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் வாக்குறுதிக்கு மதிப்பில்லை.

திறந்தவெளி ஒதுக்கீட்டை இந்தப் பட்டியலின் தலையில் வைப்பேன். மனை 3,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் 10 சதவீத நிலத்தைப் பொதுத் திறந்தவெளிக்காக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் நிலத்தையே உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும். அதற்குக் குறைந்த மனையில் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்டிவிடலாம். நம் 30 கிரவுண்டு மனையில் இது ஏறக்குறைய 3 கிரவுண்டு. பூங்காவே இல்லாத பகுதியில் 3 கிரவுண்டு நிலம் எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை. பணமாக வாங்காமல் நிலமாகவே வாங்குங்கள் என்று அனுமதிக்கு முன்பே மாமன்ற உறுப்பினர் வழியாகவும் பகுதி சபையிலும் வலியுறுத்தலாம். தானமாக எழுதிக்கொடுத்த நிலம் வளாகச் சுவருக்கு உள்ளே, காவலாளியைத் தாண்டிப் போக வேண்டிய இடத்தில், குடியிருப்போரின் சொந்தப் புல்வெளிபோல் கிடப்பதும் உண்டு. அது மாநகராட்சிச் சொத்து. பொதுச் சாலையிலிருந்து யாரும் நுழைய வழி இருக்க வேண்டும்.

நாட்கணக்கு

நல்ல வழக்குகள் தாமதத்தால் சாகின்றன. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள். 91ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். அனுமதி கிடைத்ததை நிறுவனம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரப்படுத்த வேண்டும் என்பதால், அந்த மாதங்களில் ஒருவர் பொடி எழுத்து விளம்பரங்களைத் தினமும் படிக்க வேண்டும். மேல்முறையீடாக அல்லாமல் சுற்றுச்சூழல் தாவாவாகத் தொடுப்பதற்கு ஆறு மாதம், அதற்கு மேல் 60 நாள் சலுகை. உயர் நீதிமன்ற ரிட் மனுவுக்கு இப்படி நாள் குறிக்கப்படவில்லை என்றாலும், பன்னிரண்டாம் மாடி எழும்வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று முதல் நாளே கேட்பார்கள்.

அனுமதி பெற்ற வரைபடத்தை மீறினால் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின் கீழ் வேலையை நிறுத்தவும் மீறிய பகுதியை அகற்றவும் உத்தரவிடச் சிஎம்டிஏவுக்கு அதிகாரம் உண்டு. எந்தத் தளத்தில், எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் என்று குறிப்பிட்டு உறுப்பினர் செயலருக்கு எழுதி, பதில் இல்லையென்றால் அந்தக் கடிதத்தையே இணைத்து நீதிமன்றம் போகலாம். ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கட்டுமானக் காலம் முழுவதும் களத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தகரத் தடுப்பில் அது இல்லையென்றால் முதல் புகாரை அதிலிருந்தே தொடங்கலாம். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் தனியே ஒரு வழி உண்டு: 20 ஆண்டுகளுக்குக் குறையாமல் தடையின்றி ஜன்னல் வழியே அனுபவித்துவந்த வீட்டுக்காரர், 1882ஆம் ஆண்டு அனுபோக உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம். இழப்பு கணிசமானது என்று நிரூபிப்பது கடினம் என்பதால் இதை ஒரே ஆயுதமாக நம்ப வேண்டாம்.

கட்டடம் எழுந்துவிட்டாலும் கோப்பை மூட வேண்டியதில்லை. உயரமான கட்டடத்துக்குச் சிஎம்டிஏவின் பணி நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் நிரந்தர மின் இணைப்போ குடிநீர், கழிவுநீர் இணைப்போ தரக் கூடாது. அந்தச் சான்றிதழுக்கான கள ஆய்வு நடக்கும் சில வாரங்கள்தாம் நிறுவனம் எல்லாவற்றையும் சரிசெய்யத் தயாராக இருக்கும் காலம். வரைபட நகலோடு செட்பேக்கை மீண்டும் பாருங்கள். ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது, பூங்கா நிலத்துக்கு வாயில் எந்தப் பக்கம், மழைநீர் எங்கே போகிறது என்று குறித்து, ஆய்வுக்கு வரும் அலுவலரிடம் நேரிலும் கடிதமாகவும் கொடுங்கள். நகல் ஒன்றை மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் அதே நாளில் அனுப்பிவிடுங்கள்.